வருகைக்காகப் போட்ட கையெழுத்துகள்

பொருளியல் துறையை வணிகவியல், மேலாண்மைத் துறைகளோடு சேர்த்து ஒரே புலமாக்கியபோது, அதற்குப் பெயர் வைக்கும் குழுவின் உறுப்பினர்-செயலராக இருந்தேன். மாணவர்களைக் கலந்தாலோசித்து முடிவெடுத்தோம் என்று எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்குக் குறிப்பு எழுதியவன் நான். அது பொய். பதவியில் இருந்தபோது சொல்லியிருந்தால் ஏதாவது பயன் இருந்திருக்கும். ஓய்வு பெற்றபிறகுதான் சொல்கிறேன்.

பெயர் முன்பே முடிவாகியிருந்தது: 'மேலாண்மை மற்றும் வணிகவியல் புலம்'. துணைவேந்தர் அறையில், வேறு ஏதோ பேசப் போன இடத்தில் முடிந்துபோன விஷயம். பலகைக்கு ஆர்டரும் கொடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் ('நாக்') மதிப்பீடு நினைவுக்கு வந்தது. மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர், வேலை தருவோர் என்று எல்லோரிடமும் கருத்து வாங்கியதற்கு அங்கே ஆவணம் கேட்பார்கள். பாடத்திட்டத்துக்குத்தான் அது முக்கியம் என்றாலும், இதற்கும் ஒரு தாள் இருந்தால் நல்லது என்றார்கள். சரி என்று மாணவர் கூட்டம் போட்டேன்.

கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் ஒரு தாளை வைத்தேன். வரிசை எண், பெயர், பதிவெண், கையெழுத்து என நான்கு கட்டங்கள். மேலே எதற்கான தாள் என்று எழுதவில்லை. அவசரத்தில் விட்டுப்போனது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

புலத்தின் பெயரை நான் வாசித்ததும் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்தார். "சார், இதுல எங்க சப்ஜெக்ட் பேரே இல்லையே. நாளைக்கு இன்டர்வியூல, மேனேஜ்மென்ட் ஃபேகல்டியிலயா எகனாமிக்ஸ் படிச்சீங்கன்னு கேட்டா என்ன சார் சொல்றது?" அவர் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். பட்டத்தின் பெயர் மாறாதம்மா, அந்தத் தேர்வுக்குப் பொருளியலில் முதுகலைப் பட்டம் இருந்தால் போதும் என்றேன். விதிப்படி அது சரியான பதில். ஆனால் அவர் கேட்டது தகுதியைப் பற்றி அல்ல. தான் படிக்கிற படிப்பை அழித்துவிட்டுத் தன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்களே என்று கேட்டார். அது எனக்கு அங்கேயே புரிந்தது. புரிந்தும் விதியைச் சொல்லி அவரை உட்கார வைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் நேராகவே கேட்டான்: "இது ஆல்ரெடி முடிவாயிடுச்சா சார்?"

"இல்லப்பா, உங்க கருத்தைக் கேக்கத்தானே கூப்பிட்டிருக்கோம்" என்றேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் நம்பிப் பேசினார்கள். 'பொருளியல் மற்றும் வணிகப் புலம்' என்று ஒருவர் சொன்னார். பேர் நீளமானாலும் பரவாயில்லை, மூன்றையும் போடுங்கள் என்றார் இன்னொருவர். நான் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு எங்கும் போகவில்லை. வாசலில் இருந்த தாள்தான் சிண்டிகேட்டுக்குப் போனது, 'மாணவர் கருத்துக்கேட்பு – இணைப்பு 3' என்று. உள்ளே வந்ததற்காகப் போட்ட கையெழுத்தெல்லாம் பெயருக்கு ஒப்புக்கொண்ட கையெழுத்தாகிவிட்டது.

இதே நான் 2020இல் என்ன பேசினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதா அப்போது சட்டமன்றத்துக்கு வந்தது. கிண்டிப் பொறியியல் கல்லூரியும் எம்.ஐ.டி.யும் உள்ள பழைய பல்கலைக்கழகத்துக்கு 'அண்ணா தொழில்நுட்ப மற்றும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்று புதுப்பெயர்; பழைய பெயர், கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் புதிய பல்கலைக்கழகத்துக்கு. அங்குள்ள ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் கொதித்தார்கள். படிக்கிற பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று எங்கள் ஆசிரியர் அறையில் குரலை உயர்த்தியவன் நான். கேட்கும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது இப்படிச் செய்தேன்.

பெயரை மாணவர்களே வைக்க வேண்டும் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். வைக்கும் அதிகாரம் சிண்டிகேட்டுக்கு உண்டு. முடிவாகிவிட்டது, காரணம் இது, உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், மேலே கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். அந்தப் பையனுக்கு உண்மையான பதில் கிடைத்திருக்கும். பலகைக்குச் சொல்லியாகிவிட்டதே என்பதும் சாக்கு அல்ல. லண்டன் கிங்ஸ் காலேஜ் 2014 டிசம்பரில் 'கிங்ஸ் லண்டன்' என்று தன்னை அழைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. 10,000 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2015 ஜனவரியிலேயே அந்த எண்ணம் கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் பின்வாங்க முடிந்தது. எங்களுக்கு ஒரு பலகைதான் தடையாக இருந்தது.

பதிவாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இணைப்பு 3இல் இருப்பவை வருகைக் கையெழுத்துகள்தான், பெயருக்கான ஒப்புதல் அல்ல, இதைப் பதிவில் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி சிண்டிகேட்டுக்கு நான் எழுதிய குறிப்பின் நகலைக் கேளுங்கள். நகல் கைக்கு வந்தபின் நீங்கள் யாரிடம் முறையிட்டாலும், இங்கே எழுதியதை அங்கேயும் வந்து சொல்வேன்.