பையனுக்கு மட்டும் ஏன் பட்டிமன்றம் இல்லை?

மே மாதம் வந்தால் போதும், அப்ளிகேஷனும் கையுமாக அலையும் அப்பா அம்மாக்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஐந்தாவது முடித்த பிள்ளையை ஆறாவதில் எங்கே சேர்ப்பது? பெண் என்றால் கேர்ள்ஸ் ஸ்கூலா, கோ-எஜுகேஷனா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். பையன் என்றால் அந்தப் பேச்சே கிடையாது. பக்கத்தில் பாய்ஸ் ஸ்கூல் இருந்தால் அதிலேயே போட்டுவிடுவார்கள். "ஆம்பளப் பிள்ளை, அவனுக்கென்ன?"

உண்மையில் யோசிக்க வேண்டியது அவனைப் பற்றித்தான்!

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்போது பள்ளி வகைப்படியும் தேர்ச்சி சதவீதம் சொல்வார்கள். 2024-ல் மாணவிகள் மொத்தமாக 96.44 சதவீதம் பாஸ். மகளிர் பள்ளிகளை மட்டும் எடுத்தாலும் ஏறக்குறைய அதே 96. மாணவர்கள் மொத்தமாக 92.37. ஆண்கள் பள்ளிகளில் மட்டும் பார்த்தால் சுமார் 87! பட்டிமன்றம் நடந்த இடத்தில் வித்தியாசம் இல்லை, நடக்காத இடத்தில்தான் இடிக்கிறது.

இதை வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. பாய்ஸ் ஸ்கூல்களில் பெரும்பாலானவை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள். ஃபீஸ் கட்டிப் படிக்கும் மெட்ரிக் பள்ளிகள் பெரும்பாலும் இருபாலர் பள்ளிகள். வீட்டு வசதியும் ட்யூஷனும் அந்த மார்க்கில் சேர்ந்தே இருக்கின்றன. 21 நாடுகளில் நடந்த 184 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2014-ல் ஒரு அலசல் வெளிவந்தது. மாணவர்களின் பின்னணியைக் கணக்கில் எடுத்த ஆய்வுகளில், தனிப் பள்ளியால் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றுதான் அது சொன்னது.

ஆக, மார்க்கை வைத்து முடிவெடுக்க முடியாது. மிச்சம் இருப்பது பழக்கம்.

ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் ஒரு பெண்ணிடம் பென்சில்கூடக் கடன் கேட்காத பையன், பி.காம். முதல் வருடம் வந்து உட்காருகிறான். அக்கவுண்ட்ஸ் நோட்டை அவளிடம் கேட்கத் தெரியாது. கடைசி பெஞ்சிலிருந்து கும்பலாகக் கத்த மட்டும் தெரியும். அவன் கெட்டவன் இல்லை, பழகாதவன். அவ்வளவுதான்.

பாதுகாப்புக்காகப் பெண்ணைத் தனிப் பள்ளியில் சேர்க்கிறார்கள், சரி. என்றைக்காவது ஒருநாள் அவள் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? அன்று அவளோடு வேலை பார்க்கப் போகிறவன், பஸ்ஸில் பக்கத்தில் நிற்கப் போகிறவன் இந்தப் பையன்தான். அவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதும் அவளுடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

அடுத்த மே மாதம் அவனுக்காகவும் ஒரு பட்டிமன்றம் நடக்கட்டுமே!