அறிமுகத்திற்கு ஒரு முகம் வேண்டும்

வேலை வேண்டுமானால் அறிமுகம் வேண்டும் என்பார்கள். பாட்டனும் தந்தையும் பட்டம் பெற்ற வீடுகளில் அந்த அறிமுகம் தொட்டிலோடு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும்; ஆனால் வேதியியல் படிக்கும் எனக்கு, ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் ஒருவரைக்கூடத் தெரியாமல் இருந்தது. இந்தப் பள்ளத்தைத் தாண்ட நம் போன்றோர்க்குக் கிடைத்த பாலம், 'லிங்க்டுஇன்' போன்ற தொழில்முறைத் தொடர்புத் தளங்கள்.

2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய இத்தளத்தை, 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2,600 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. மனிதருக்கு மனிதர் தெரிந்திருப்பதற்கு அத்தனை விலை!

1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் ஒரு கருத்தை எழுதினார். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதோ சந்திக்கும் தூரத்துப் பழக்கக்காரர் வழியாகவே மிகுதியும் வருகிறது என்பது அது. நெருங்கியவர் அறிந்தது பெரும்பாலும் நாமும் அறிந்ததே; தூரத்தவர் அறிந்தது நமக்குப் புதிது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, லிங்க்டுஇன்னில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்தாண்டுக் காலம் ஆராய்ந்து இதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் ஒரு திருத்தம்: முற்றிலும் அயலாரல்ல, ஓரளவேனும் பழக்கமுள்ளவர்களே அதிகம் உதவியிருக்கிறார்கள்.

அந்த 'ஓரளவு பழக்கம்' எப்படி உண்டாகும்? இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும், நண்பர்களே. நம் பக்கங்களைப் பாருங்கள். எல்லோரும் கடின உழைப்பாளிகள். எல்லோரும் தன்னம்பிக்கை மிக்கவர்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று நமக்கே தெரியாது. வாழ்த்தைக்கூடத் தளமே எழுதி நீட்டுகிறது. விரல் வைத்தால் போதும், போய்விடுகிறது. ஐம்பது பேரிடமிருந்து ஒரே வாழ்த்து வந்தால், அது யாரிடமிருந்தும் வராதது போலத்தானே?

என் தந்தை கூண்டு கட்டும் பட்டறையில் பெயிண்டர். அவரிடம் முகவரி அட்டை கிடையாது. அவர் வண்ணம் தீட்டிய லாரிகள் வடக்கே வெகுதூரம் போகின்றன. வழியில் யாரோ ஒரு லாரிக்காரர் கதவைப் பார்த்து, "இது யார் கைவேலை?" என்று டிரைவரைக் கேட்கிறார். சில மாதங்களில் புது வண்டியோடு வந்து நிற்கிறார். "எப்படிப்பா உங்களைத் தேடி வர்றாங்க?" என்று கேட்டேன். "வேலையப் பாத்துட்டு வர்றாங்க கண்ணு. பேரை அப்புறந்தான் கேப்பாங்க" என்றார்.

தொடர்புத் தளத்திற்கு உயிர் கொடுக்கும் வழியும் இதுவே. 'வேதியியலில் ஆர்வமுடையவர்' என்ற வரியை அழித்துவிட்டு நான் இப்படி எழுதினேன்: 'எங்கள் தெரு ஆழ்குழாய்க் கிணற்று நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் தரம் பார்த்தேன். சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு துளியில் நிறுத்தப் பலமுறை பழக வேண்டியிருந்தது.' பிறகு, ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நம் கல்லூரியின் முன்னாள் மாணவி ஒருவருக்கு மடல் எழுதினேன். வேலை கேட்கவில்லை. அங்கே நீரை எப்படிச் சோதிக்கிறீர்கள் அக்கா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். நான்கு நாள் கழித்து நீண்ட பதில் வந்தது. 'அந்த ஒரு துளி எனக்கும் தண்ணி காட்டியிருக்கிறது' என்று தொடங்கியிருந்தார். வேலை கிடைக்கவில்லைதான்; ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்தில் இன்று எனக்கு ஒருவரைத் தெரியும்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே எழுதலாம், தடையில்லை. வாழ்த்துவதானால் எதற்காக என்று ஒரு வரி சேர்க்கலாம். நம் துறையிலிருந்து சென்ற அண்ணன்மார், அக்காமார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடி, ஒவ்வொருவரும் ஒருவருக்கேனும் சொந்தச் சொற்களில் எழுதலாம். நாளை நாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்தபின், பின்னால் வரும் தம்பி தங்கையரின் மடலுக்குத் தவறாமல் பதில் எழுத வேண்டும். தொட்டிலோடு அறிமுகம் வராத நமக்கு, நாம்தான் ஒருவருக்கொருவர் அறிமுகம்.