பிணத்துக்கு உடையவர் யார்?

செத்தவர் உடம்பு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பெற்ற பிள்ளைக்கு என்றே நம்மவர் விடை சொல்வர். சட்டமோ, ஒருவருக்கும் சொந்தமன்று என்கிறது. பிரேதம் எவருடைய சொத்தும் ஆகாதென்று 1882ல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. அடக்கம் செய்யும் பொறுப்புடையவருக்கு, அதன் பொருட்டுப் பிரேதத்தைப் பெறும் உரிமை மட்டுமே உண்டு. வெள்ளைக்காரன் தீர்ப்பு நமக்கென்ன என்று தள்ள முடியாது. 1956ஆம் வருஷத்துச் சிவில் சட்டத்தின் 3ஆவது பிரிவு, அவ்வருஷம் ஏப்ரல் 7ந் தேதியில் இங்கிலாந்தில் நிலவிய பொதுச் சட்டத்தை, இந்நாட்டு நிலைமைக்கு ஒத்த அளவில், நம் கோர்ட்டுகளுக்கும் உரியதாக்கியிருக்கிறது.

சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன் நான். இங்கிலீஷ் படித்தவன் என்பதால் லயத்தாருடைய காகிதங்களெல்லாம் என் மேஜைக்கே வரும். சில வருஷங்களுக்கு முன் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரியில் இறந்த அவர் தாயாரின் பிரேதத்தை ஆள் மாற்றி வேறொரு குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டனர். அவர்களும் தம்முடையவர் என்றெண்ணித் தகனம் செய்துவிட்டனர். மகனுக்குக் கிடைத்தது ஒரு சட்டிச் சாம்பலும் ஒரு வருத்தக் கடிதமும்.

“கிராணியாரய்யா, ஆத்தா மொகத்தக்கூட கடசியா பாக்கலியே, இதுக்கு நாயம் கெடையாதா?” என்றார்.

நியாயம் தேடிப் படித்தேன். லிவர்ப்பூல் நகரில் டிராம் வண்டியொன்று சவ வண்டியில் மோத, பெட்டி கவிழ்ந்தது. பின்வந்த வண்டியிலிருந்து அதைக் கண்டு அதிர்ச்சியுற்ற தாயார் முதலிய உறவினருக்கு நஷ்ட ஈடு உண்டென்று 1938ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1942ல் பிரபுக்கள் சபை நீதிபதிகளிற் சிலர் அத்தீர்ப்பை ஐயுற்றனர். 2004ல், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோர் அறியாமல் ஆஸ்பத்திரிகள் வைத்துக்கொண்டது பற்றி இங்கிலாந்தில் மூன்று குடும்பத்தாரின் வழக்குகள் மாதிரியாக விசாரிக்கப்பட்டன, ஒன்றே வென்றது. எங்கும் நிபந்தனை ஒன்றுதான்: துக்கம் போதாது, நோயாக முற்றியிருக்க வேண்டும். படுக்கையில் விழுந்தவனுக்கு வழக்குண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மரம் வெட்டப் போனவனுக்கு இல்லை! இதென்ன நீதி?

தாய்ப் பிணத்தை வைத்துப் பணம் கேட்பதா என்று லயத்தில் சிலர் ஏசினர். (ஏசியவருள் ஒருவர், மகன் லாரியில் அடிபட்டிறந்ததற்கு இன்ஷூரன்ஸ் பணம் பெற்றவர்.) அது பிணத்தின் விலையன்று, காலில் கட்டிய பெயர்ச் சீட்டைப் படிக்காத அசட்டையின் விலை.

வக்கீல் முதலில் கேட்டது டாக்டர் சர்ட்டிபிகேட். அவரிடம் அது இல்லை. இருந்ததெல்லாம் என் செக்ரோலில் நான் பதிந்த கணக்கே: இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் ஆஜர்.