அதான் எடுத்தாச்சே!

காலை 6 மணி நிகழ்ச்சி. "வணக்கம் நேயர்களே" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, பாடல் ஒலித்து முடியும்வரை ஸ்டூடியோ மேசையில் தலைசாய்த்துக் கிடந்தேன். அடிவயிற்றில் அதே பழைய வலி.

கருப்பையை அகற்றி ஒன்றரை ஆண்டாகிறது. அப்போது எனக்கு 36 வயது. இனி பிள்ளை இல்லை என்று நானும் கணவரும் அழுது தீர்த்த பிறகு, வலியாவது போகட்டும் என்றுதான் கையெழுத்திட்டேன்.

"அதான் எடுத்தாச்சேம்மா, இன்னும் என்ன வலி?" என்றார் அம்மா. எனக்கும் அதே கேள்விதான். பேசுவதே என் வேலை. இதை மட்டும் பேசக் கூச்சப்பட்டு, மூன்று மாதங்களை மாத்திரையோடு ஓட்டினேன்.

பிறகுதான் மருத்துவர் விளக்கினார். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பை போனாலும் அந்தத் திசு மிஞ்சியிருந்தால் வலி திரும்பலாம். என் வயதைக் கருதி சினைப்பைகளை அகற்றவில்லை. அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அந்தத் திசுவுக்குத் தீனி. இப்போது ஹார்மோன் சிகிச்சை நடக்கிறது. வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலித்தால் அது மனப்பிரமை அல்ல. மருத்துவரிடம் மறுபடியும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பேசாமல் எழுந்துபோய்ச் சுடுநீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"உன் வயசுல எனக்கும் இப்படித்தான் வலிக்கும். எல்லாருக்கும் உள்ளதுதானேன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."