சங்கிலி

புது கிராபிக்ஸ் அட்டை மாட்டியதிலிருந்து திரை கறுத்தே கிடந்தது. பழையது எரிந்துபோயிருந்தது. மேக் வாங்க வசதியில்லாமல் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய ஹாக்கிண்டாஷ். உள்ளே பத்து வருடக் கவிதைகள். வேறு பிரதி இல்லை.

கடையில், "சாரை வரச்சொல்லுங்க மேடம், அவர்கிட்ட விளக்குறேன்" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில்தான் அம்மா சைக்கிள் பழகினாள். சங்கிலி கழன்றால் யாரையும் கூப்பிடமாட்டாள். வண்டியைக் கவிழ்த்து, ஒரு கண்ணியைப் பல்லில் மாட்டி, மிதிகட்டையைச் சுற்றுவாள்.

நானும் கவிழ்த்தேன். வெர்போஸ் முறையில் துவக்கினால் உள்ளே நடப்பது வரிவரியாக ஓடும். கிராபிக்ஸ் டிரைவர் ஏறும் இடத்தில் இருட்டு. அட்டையில் பழுதில்லை. 'நீ எந்த மேக்?' என்று அடையாளம் கேட்டுத் திரையை அடைக்கும் ஒரு சோதனை; ஏஎம்டியின் நவி வகை அட்டைகளுக்கு வழக்கமான சிக்கல். மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகி, ஓப்பன்கோர் கோப்பில் ஒரே சொல் சேர்த்தேன்: 'ஏஜிடிபிமாட்=பிகேரா'. வாட்எவர்கிரீன் அதைப் படித்து அந்தச் சோதனையை விலக்கிவிடும்.

வெளிச்சம் வந்தது. முதல் வேலையாகக் கவிதைகளுக்குப் பிரதி எடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "கையில கிரீஸ் ஆச்சா?" என்றாள்.