இலவசப் பயணச் சீட்டு

விண்வெளியிலே புகையிரதம் ஓடுவதாகக் கற்பனை செய்த படம் ஒன்றைப் பற்றி, அதுவும் சித்திரப் படம் ஒன்றைப் பற்றி, இவ்விதழில் எழுதுவது பொருத்தமா என வாசகர் சிலர் வினவக்கூடும். சில மாதங்களுக்கு முன்னர் எனக்கும் அந்த ஐயம் இருந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் வற்புறுத்தலுக்காகவே ‘கலக்சி எக்ஸ்பிரஸ் 999’ என்ற அந்த யப்பானியப் படத்தைப் பார்த்தேன். லெயிஜி மட்சுமொட்டோவின் சித்திரக் கதையை ஆதாரமாகக் கொண்டு, ரின்தாரோவின் நெறியாள்கையில், தோயெய் நிறுவனத்தார் தயாரித்து 1979 ஓகஸ்டில் வெளியிட்டது. அவ்வாண்டு வெளிவந்த யப்பானியப் படங்களுள் வசூலில் முதலிடம் பெற்றதும் அதுவே. படம் முடிந்ததும், “வெறும் கண்ணீர்ப் படம்” என்றேன். மாணவனின் முகம் வாடிற்று. அந்த வாட்டந்தான், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படத்தைப் பற்றி ரசிகர்கள் கூறிவருவனவற்றைத் தேடி வாசிக்கும்படி என்னைத் தூண்டிற்று.

கதை இது. வருங்காலத்தில் செல்வர்கள் தம் ஊனுடலைக் களைந்து, முதுமையும் நோயும் அணுகாத இயந்திர உடலைப் பூண்டு நெடுங்காலம் வாழ்கின்றனர். வறியவர்கள் மாநகரின் புறத்தே சேரிகளில் மடிகின்றனர். தெட்சுரோ என்னும் சிறுவனின் தாயை, இயந்திரப் பிரபு ஒருவன் பொழுதுபோக்கு வேட்டையிலே சுட்டுக் கொன்று, மான்தலையை மாட்டுவதுபோல் தன் மாளிகைச் சுவரில் மாட்டிவைக்கிறான். பழி தீர்க்க வேண்டுமாயின் இயந்திர உடல் வேண்டும். அது விண்மீன் கூட்டத்தின் ஒரு கோடியிலே இலவசமாகக் கிடைக்கிறதாம். ஆனால் அங்கு செல்லும் புகையிரதத்திற்கான சீட்டை வாங்க ஏழைக்கு வழியில்லை. அவ்வேளையில் கறுப்பு உடை தரித்த மேட்டெல் என்னும் பெண் தோன்றி, தன்னுடன் வருவதாயின் சீட்டைத் தருவேன் என்கிறாள்.

ரசிகர்களின் கருத்துகளிலே பெரும்பாலானவை படத்தின் இறுதிக் காட்சியைச் சுற்றியே வட்டமிடுகின்றன. மேட்டெல் புகையிரதத்தில் ஏறிப் போய்விடுகிறாள். சிறுவன் மேடையோரமாக ஓடி ஓடி நிற்கிறான். கொடைகோ இசைக்குழுவின் பாடல் எழுகிறது. பதினைந்து வயதில் அதைப் பார்த்து அழுதோம், ஐம்பது வயதிலும் அழுகிறோம் என்கின்றனர். பலர் அதற்கு மேலும் ஒன்று கூறுகின்றனர்: முடிவுள்ளதாக இருப்பதனாலேயே மனித வாழ்வுக்குப் பொருள் உண்டு என்பதை இப்படமே தமக்குக் கற்பித்ததாம்.

இந்த இடத்திலேதான் எனக்கு உடன்பாடின்மை தோன்றிற்று. சாவின் அருமையை வறியவனுக்குப் போதிப்பது புதிய சங்கதியன்று. ‘உனக்கு இல்லாதது நல்லதுக்கே’ என்று உண்டு களித்தவன் பட்டினி கிடப்பவனுக்குச் சொல்லும் உபதேசத்தை நாம் எத்தனையோ வடிவங்களிற் கேட்டுவிட்டோம். செல்வன் ஆயிரமாண்டு வாழ்வான். ஏழை குறுகிய வாழ்வின் இனிமையை எண்ணி அமைதியடைய வேண்டும்! இதற்கா இத்தனை கண்ணீர்? மாணவனிடம் இவ்வாறே கூறினேன். அவன், “சேர், ஸ்குரூ ஆணியை மறந்துவிட்டீர்கள்” என்றான்.

மறந்துதான் இருந்தேன். இயந்திரக் கிரகத்தை அடையும்போது தெட்சுரோவுக்குத் தெரியவருவது என்ன? அவனுக்கென வைத்திருப்பது பிரபுக்கள் அணியும் உடலன்று. அக்கிரகத்தையே தாங்கிநிற்கும் ஒரு ஸ்குரூ ஆணியாக அவனை மாற்றப் போகிறார்கள். துணிவும் உறுதியும் வாய்ந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்து, சீட்டுக் கொடுத்து, அழைத்து வந்து ஆணிகளாக்குவதே அங்குள்ள முறை. அழைத்து வரும் வேலை மேட்டெலுடையது. அவள் அந்நாட்டு அரசியின் மகள். செல்வர் பெற்றதை ஏழை பெறக்கூடாது என்று படம் போதிப்பதாக நான் எண்ணியது தவறு. ஏழைக்கு அது ஒருபோதும் வழங்கப்படவேயில்லை என்பதே கதை. தெட்சுரோ மனநிறைவு கொண்டு வீடு திரும்புபவனுமல்லன். பிரபுவைக் கொன்ற பின்னர், இயந்திர உடல் வேண்டாம், அதை வழங்கும் கிரகத்தையே அழிக்க வேண்டும் என்று முடிவு செய்தே மேற்கொண்டு பயணம் செய்கிறான்.

இந்த ஆணி எங்கிருந்து வந்தது என்பதை அறிய யப்பானின் அண்மைக்கால வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். 1938இல் பிறந்த மட்சுமொட்டோ, போருக்குப் பிந்திய வறுமையிலே கியூஷு தீவின் கொக்குரா நகரில் வளர்ந்தவர். உயர்நிலைப் பள்ளியை முடித்தபின், ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீராவிப் புகையிரதத்திலிருந்து டோக்கியோ வந்து சேர்ந்தார். திரும்பிவரக் கையிற் காசில்லாத அப்பயணமே இக்கதையின் ஊற்று எனப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் மட்டுமா வந்தார்? 1950களின் நடுப்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகள் வரையில், வடகிழக்கு மாகாணங்களின் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேரே, கூட்டாக வேலைக்கு அமர்த்தப்பட்டு, தனிப் புகையிரதங்களில் டோக்கியோவின் உவெனோ நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். ‘பொன் முட்டைகள்’ என்று அவர்களைச் செல்லமாக அழைத்தார்கள். முட்டைக்கு எவரும் கூலி பேசுவதில்லை என்பது நினைவில் வைக்கத் தக்கது. 1970களின் நடுவில் அந்தப் புகையிரதங்களும் நின்றன. யப்பானிய இருப்புப் பாதைகளில் நீராவி எஞ்சின்களும் ஓய்ந்தன. சில ஆண்டுகள் கழித்துத் திரையிலே அதே நீராவி எஞ்சின், சி62 என்னும் பழைய வகையின் உருவில், வானில் ஏறிற்று. மேடையிலே அழுத ரசிகனுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அவன் தமையனோ மாமனோ இத்தகைய மேடை ஒன்றில் நின்றிருந்தால் போதும்.

ஆகவே ‘கண்ணீர்ப் படம்’ என்ற என் சொல்லை மீளப் பெற்றுக்கொள்கிறேன். சனரஞ்சகக் கலையைக் கண்டதும் ‘மக்களை மயக்கும் மருந்து’ என முத்திரை குத்திவிடும் பழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. எனக்கு இருந்ததைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் ரசிகர்கள் கூறுவன யாவும் எனக்கு உடன்பாடல்ல. மூலக் கதையில் தெட்சுரோ பத்து வயதுச் சிறுவன், குள்ளன், தட்டையான முகம். திரைப்படத்தில் அவனுக்குப் பதினைந்து வயதும் அழகிய முகமும் அளிக்கப்பட்டன. காதல் உணர்ச்சிக்கு அது வேண்டியதாயிற்று என்று ஒரு சாரார் வாதிக்கின்றனர். சேரிப்பிள்ளை அழகாயிருந்தால்தான் நாம் அவனுக்காக இரங்குவோமா என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். நான் பின்னவர் பக்கம். விண்வெளிக் கொள்ளையர் ஹார்லொக்கும் எமரால்டாசும் வேண்டிய வேளையில் வேண்டிய இடத்தில் வந்து உதவுவதைச் சிலர் குறை கூறுகின்றனர், அக்குறையும் நியாயமானதே. 1981இல் வெளிவந்த இரண்டாம் படம் அந்தப் பிரிவின் அழகைக் கெடுத்துவிட்டது என்று அநேகர் சலித்துக்கொள்கின்றனர். ஆனால் அதிலேதான் இயந்திர மாந்தர் உண்ணும் உணவு மனிதரின் உயிரிலிருந்தே வடிக்கப்படுகிறது என்ற செய்தி வெளியாகிறது. அந்த ஒரு செய்திக்காகவே அப்படம் வேண்டியிருந்தது என்பேன்.

எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. ரசிகர்கள் மேட்டெலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். தாயா காதலியா இளமைக் கனவா என்று ஆராய்கின்றனர். கிளேயரைப் பற்றி, ‘பாவம், நல்ல பெண்’ என்பதற்கு மேல் எழுதுபவர் சிலரே. புகையிரதத்தின் உணவுப் பெட்டியிலே பரிமாறும் பணிப்பெண் அவள். உடல் முழுவதும் கண்ணாடி. இழந்த தன் பழைய உடலை மீட்டுக்கொள்வதற்காகச் சம்பளத்தைச் சேர்க்கிறாள். ஒவ்வொரு நிலையத்திலும் பயணிகள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். அவள் தட்டு ஏந்தி நிற்கிறாள். இறுதியில் தெட்சுரோவைக் காப்பதற்காகச் சிதறிப்போகிறாள். சேர்த்த பணம் என்னவாயிற்று என்று படமும் கேட்கவில்லை.

பாடசாலை விட்ட பின்னர் எட்டுப் பத்து மாணவருக்கு இப்படத்தைக் காட்டினேன். இறுதிக் காட்சியிற் சிலர் கண்ணைத் துடைத்தனர். நானும் இம்முறை வெட்கப்படவில்லை. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி மட்டும் புகையிரதம் போனதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளுடைய தாய் நான்கு ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்கிறார்.

“சேர், அந்தக் கண்ணாடிப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு காசு குறைவாயிருந்தது?” என்று கேட்டாள்.

படத்தில் அது சொல்லப்படவில்லை என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் அவள்.