மூச்சு முட்டிய லாரி

எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் இருபது வருடங்களுக்கு மேல் ஒரு பழைய லாரி நிற்கிறது. என் மாமனார் வாங்கியது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு 1954-ல் கைகோத்து ஜம்ஷெட்பூரில் செய்த வண்டி. 1969-ல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போய், வட்டத்துக்குள் 'டி' எழுத்து வந்தது. எங்கள் வீரசோழன் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: பென்ஸ் லாரி.

மைத்துனர் மகனுக்கு அதை மறுபடி ஓட வைக்க ஆசை. நான்கு மாதம் அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் அலைந்து சாமான் சேர்த்தான். இன்ஜின் ஓடியது. ஆனால் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் தளர்த்தி வைத்தால் அது தட்டில் போட்ட அப்பளம் போலக் குதித்தது. "மாமா, பேக் கம்ப்ரஷன் அடிக்குது. ரிங்கு போயிருச்சோ?" என்றான்.

"இருப்பா. முதலில் அது மூச்சு விடுகிற வழியைப் பார்" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சொல்லை என்னிடம் முதலில் சொன்னவர் வேறொருவர். அதைத்தான் இன்று எழுத வேண்டும்.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பௌதிக வகுப்பில் நான்கு வீச்சு இன்ஜின் படம் வரைய வேண்டும். அட்மிஸியோன், கொம்ப்ரெஸியோன், எக்ஸ்ப்ளொஸியோன், எஷாப்மான் என்று மனப்பாடம். படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் குழாய். அதன் பெயர் 'ரெனிஃப்ளார்'. மூக்கை உறிஞ்சுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தப் படத்துக்கு இருபதுக்குப் பதினேழு வாங்கினேன். பெயர் தெரிந்தது. எதற்கு அந்தக் குழாய் என்று யோசித்ததில்லை.

பிறகு பாண்டிச்சேரி அரசில் குமாஸ்தா வேலை. 1977-ல் கல்யாணம். 1979 கோடையில் விடுமுறைக்கு வீரசோழன் வந்தபோது மாமனார் லாரிக் கணக்கு நோட்டை என் முன்னால் வைத்தார். "மாப்பிள்ளை, சர்க்கார் கணக்குப் பார்க்கிறவுக நீங்க. இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். அப்போது வண்டி மிளகாய் வத்தலும் பருத்தியும் கரிமூட்டைகளும் ஏற்றி விருதுநகருக்கும் மதுரைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. டீசல் கணக்கு சரி. ஆனால் இன்ஜின் ஆயில் தையில் 4 லிட்டர், சித்திரையில் 11 லிட்டர். நின்ற இடத்தில் தரையில் பெரிய கசிவு இல்லை. புகையும் அதிகமில்லை. அப்படியானால் ஆயில் எங்கே போனது? அந்த எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். வாய் திறந்து யார் பெயரையும் சொல்லவில்லை. வட்டமே சொல்லிவிட்டது.

ஓட்டுநர் கமுதிப் பக்கத்துக்காரர். எட்டு வருடம் அந்த வண்டியை ஓட்டியவர். மாமனார் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "மொதலாளி, வண்டிக்கு மூச்சு முட்டுது. உள்ள காத்து போக வழியில்ல. நானும் ரெண்டு மாசமா சொல்றேன்." மாமனார் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். ஆயில் விற்றவன் கதை சொல்கிறான் என்று நினைத்தேன். அன்று மாலையே அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தோம்.

புது ஓட்டுநர் வந்தும் ஆயில் குறைந்துகொண்டே போனது. ஆவணியில் கிளட்ச் வழுக்கி வண்டி பாதி வழியில் நின்றது. மதுரைப் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் தட்டு ஆயிலில் ஊறிக் கிடந்தது. வயதான மெக்கானிக் ஒருவர் பிரீதரைக் கழற்றி மாமனார் கையில் கொடுத்தாராம். உள்ளே கம்பி வலை. கரிசல் புழுதியும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. கீழே போகும் குழாயும் அப்படியே.

விஷயம் இதுதான். எவ்வளவு நல்ல இன்ஜினிலும் வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். அது வெளியேற ஒரு வழி வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் ஆயிலைத் தள்ளும். பல பழைய இன்ஜின்களில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகு வரிதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அழுத்தம் கூடினால் அது தோற்றுப்போகும். அதுவும் ஓடும்போது மட்டும். வண்டி நின்றால் கசிவும் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே தரையில் தடயம் இல்லை. ஆயில் முழுவதும் ரோட்டிலும் கிளட்சிலும் போயிருக்கிறது. என் நோட்டில் ஒரு எண்ணும் தப்பில்லை. தப்பு வட்டத்தில்தான்.

மாமனார் நிறுத்திய சம்பளத்தைக் கிளீனர் பையனிடம் கொடுத்தனுப்பினார். அவர் நேரில் போகவில்லை. நானும் போகவில்லை. எண்ணெய் திருடி என்ற பெயர் அதற்குள் ஊரில் பரவியிருந்தது. அதைத் திருப்பி வாங்க யாரும் போகவில்லை.

சரி, கொட்டகைக்கு வருவோம். எங்கள் வீட்டிலும் ஒரு இன்ஜின் படுத்திருக்கிறது என்பவர்களுக்காகச் செய்ததைச் சொல்கிறேன்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'யு' மாதிரி வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் ஸ்டிக் துளையில் காற்றுப் புகாமல் சொருகினோம். மறுமுனை திறந்திருந்தது. இன்ஜின் ஓடியதும் திறந்த பக்கத்துத் தண்ணீர் ஒரு சாணுக்கு மேல் ஏறியது. பிரீதரைக் கழற்றிய பிறகு இரண்டு விரல்கூட ஏறவில்லை. ஆக, ரிங்கு ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது, வழிதான் அடைப்பு. வழியைத் திறந்த பிறகும் மூடி குதித்து, புகை குப்குப்பென்று வந்தால்தான் ரிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, இன்ஜின் ஆயிலில் லேசாக நனைத்து மாட்டினோம். குழாயைப் புதிதாகப் போட்டோம். பழைய குழாயின் வாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. மேலிருந்து கீழே ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீரும் ஆயிலும் தேங்கி மறுபடி அடைக்கும். கீழ்முனையைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் வண்டியின் பின்பக்கம் பார்க்க வைத்தோம். ஓடும்போது கடந்துபோகும் காற்று உள்ளிருக்கும் புகையை இழுத்துவிடும். சைலன்சர் சூடும் சக்கரப் புழுதியும் படாத இடமாகப் பார்க்க வேண்டும்.

பையன் விடவில்லை. "மாமா, இப்ப வர்ற வண்டியில எல்லாம் இந்தக் குழாயை ஏர் கிளீனர் பக்கம் திருப்பி விட்டுர்றான். புகை வெளிய வராது" என்றான். உண்மைதான். கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்தே பெட்ரோல் இன்ஜின்களுக்கு அந்த ஏற்பாடு வந்துவிட்டது. நகரத்துப் புகைமூட்டத்துக்கு இந்தக் குழாயும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் பழைய டீசலில் யோசிக்காமல் அப்படிச் செய்தால் ஆபத்து. ஆயில் அதிகமாக உள்ளே இழுக்கப்பட்டால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் உடையலாம். ஆகவே நடுவழி ஒன்று பார்த்தோம். ஒரு சின்னத் தகர டப்பாவுக்குள் கம்பிச் சுருள் வைத்து, அடியில் ஒரு டேப். புகை அதற்குள் போய் ஆயிலை விட்டுவிட்டு வெளியே வரும். மாதம் ஒருமுறை டேப்பைத் திறந்துவிட்டால் போதும்.

கிணற்றில் பழைய லிஸ்டர் மாதிரி ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அதில் பிரீதர் ஒரு மெல்லிய தகடு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அது ஒட்டிக்கொண்டாலோ வளைந்தாலோ பேரிங் ஓரமாக ஆயில் வழியும்.

அந்த ஓட்டுநரை ஒரே ஒருமுறை பிறகு பார்த்தேன். தொண்ணூறுகளில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். அவர்தான் அடையாளம் கண்டார். "நல்லாருக்கீகளா மாப்ளே?" டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை. "அந்த மூச்சுக் குழாயை மாத்துனீகளா?" என்று கேட்டார். மாற்றினோம் என்றேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. திருச்சுழி பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். இப்போது அவர் இல்லை.

லாரி இப்போது ஓடுகிறது. பையன் ஒரு நோட்டு வாங்கி டீசல், ஆயில், கிலோமீட்டர் என்று கோடு போட்டு என்னிடம் காட்டினான். நான் ஸ்கேலை வாங்கி வலது ஓரத்தில் இன்னொரு கோடு போட்டேன். மேலே எழுதினேன்: 'ஓட்டுநர் சொன்னது.'

"இது எதுக்கு மாமா?" என்றான். அவனுக்கு இந்தக் கதையை அன்றுதான் சொன்னேன். அவன் அத்தைக்கும் அதுவரை முழுதாகத் தெரியாது.